மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களின் மீட்டர் போர்டில் இருக்கும் பல்புகளை எடுத்துவிட்டு நீல எல்இடி போட்டுக்கொள்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவரும் இதை வீட்டிலேயே செய்யலாம் என்று எழுதியிருந்தது சரிதான். வாகன வயரிங் வேலை செய்து பிழைப்பவன் நான். ஆனாலும் இந்த வேலைக்கு யாரும் என்னைத் தேடி வர வேண்டியதில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். தன் வண்டியைத் தானே திறந்து பார்க்கிறவர் அதை அக்கறையாக வைத்துக்கொள்வார். ஆனால் அந்தக் குறிப்பில் அவசியமான இரண்டு எச்சரிக்கைகள் விடுபட்டுவிட்டன. அதைவிட முக்கியமாக, ‘பளிச்சென்ற நீலம்’ என்ற யோசனையே இரவில் வண்டி ஓட்டுபவருக்கு நல்லதல்ல. அதனால்தான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நீல எல்இடி போட்ட வண்டிகள் என்னிடம் வருவது பெரும்பாலும் அதைக் கழற்றுவதற்காகத்தான். அண்மையில் ஒரு பெரியவர் வந்தார். “பையன் ஆசையாப் போட்டுக் குடுத்தான், வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. ஆனா ராத்திரியில நம்பரெல்லாம் புகை மூடின மாதிரி இருக்கு. உத்துப் பாத்தாத்தான் தெரியுது” என்றார். பகலில் அதே மீட்டரை அவர் தடையின்றிப் படிக்கிறார். அவர் பார்வையில் புதிதாகக் கோளாறு எதுவும் இல்லை. நீல ஒளியின் இயல்பே அதுதான். நம் கண்ணின் லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அதனால் எழுத்தின் விளிம்பு கசிந்து தெரியும். வயது ஏற ஏற லென்ஸ் மஞ்சளாகிறது, கண்ணின் பாவை (ஒளி உள்ளே நுழையும் துளை) பழையபடி விரிவதில்லை, லென்ஸுக்குள் ஒளி சிதறுவதும் கூடுகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. லென்ஸின் மஞ்சள் முதலில் விழுங்குவதும் நீலத்தைத்தான். மகனுக்கு அழகாகத் தெரிகிற அதே மீட்டர் அப்பாவுக்குப் புகைமூட்டமாகத் தெரிவது இதனால்தான். வீட்டில் ஒரே காரை இருவரும் ஓட்டுவதாக இருந்தால், மூத்தவரின் கண்ணை வைத்தே பல்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இளையவர்களுக்கும் இது பொருந்தும். மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை நம் கண்ணிலுள்ள குச்சி செல்கள். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்துவிடும். அது முழுதாக மீண்டும் சேர 20 முதல் 30 நிமிடம்வரை ஆகும். 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளி அந்த நிறமியை அதிகம் தாக்கும். 600-ஐத் தாண்டிய ஆரஞ்சும் சிவப்பும் மிகக் குறைவாகவே தாக்கும். நீல எல்இடியின் ஒளி 450 முதல் 470 நானோமீட்டர்வரை என்றால், எந்தப் பக்கம் ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டாம். எதிர்வண்டியின் வெளிச்சமும் நம் ஹெட்லைட்டும் இருப்பதால் காரோட்டியின் கண் எப்படியும் முழு இருட்டுக்குப் பழகப் போவதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் விளக்குக் கம்பமே இல்லாத சாலையில் ஹெட்லைட்டை டிப் செய்துகொண்டு போகும்போது, ஒளி விழும் இடத்துக்கு வெளியே ஓரமாக நடந்து வருகிற மனிதரை நமக்குக் காட்டுவது அந்தக் கொஞ்சநஞ்ச இருட்டுப் பழக்கம்தான். அதையும் மீட்டர் போர்டு பறித்துக்கொள்ளக் கூடாது. போதாததற்கு, வண்டிக்குள் எரிகிற வெளிச்சம் முன்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி, வெளியே தெரிகிற காட்சியின் மேல் வெளுப்பாகப் படிந்துகொள்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வேலையை முடித்துப் பகலிலோ டியூப் லைட் வெளிச்சத்திலோ சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது நீலம் அடக்கமாகத்தான் தெரியும். ‘இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாமே’ என்று தோன்றும். ஆனால் வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு மங்கி நீலம் எடுப்பாகும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார். இன்றும் இது அவர் பெயரால்தான் குறிப்பிடப்படுகிறது. பகலில் அளவாகத் தெரிந்த நீலம் இரவில் கண்ணைக் குத்துவது இதனால்தான். எனவே எந்த நிறமாக இருந்தாலும் இரவில் உட்கார்ந்துதான் அளவு பார்க்க வேண்டும். வண்டியை இருட்டான இடத்தில் நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்துப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு பார்க் லைட்டைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் சட்டை மேல் வெளிச்சம் விழக் கூடாது. விழுந்தால் அந்த பல்பு உங்கள் வண்டிக்கு அதிகம்.

நீல எல்இடியை நான் இகழவில்லை. அதை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் இன்று பயன்படுத்தும் வெள்ளை எல்இடிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பதும் மஞ்சள் பூச்சு பூசிய நீலச் சில்லுதான். மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் இரவில் வண்டி ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே வைக்க அது ஏற்றதல்ல.

நிறத் தேர்வில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீட்டரில் உள்ள சிறு அடையாள விளக்குகளின் நிறம் உலகமெங்கும் ஒன்றுபோல வைக்கப்பட்டது. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் ஏதோ இயங்குகிறது, நீலம் என்றால் ஹை பீம். மீட்டர் முழுவதையும் நீலமாக்கினால் அந்தச் சின்ன ஹை பீம் விளக்கு அதற்குள் கரைந்துவிடும். ஹை பீம் எரிவதே தெரியாமல் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்துக்கொண்டே போவோம். முழுக்கச் சிவப்பாக்கினால் ஆயில் பிரஷர் விளக்கும் பிரேக் விளக்கும் கவனத்துக்கு வராமல் போகும். அந்தக் கால விமானங்களில் சிவப்பு வெளிச்சம் வைத்தார்களே என்று கேட்பவர்களும் உண்டு. வைத்தார்கள்தான். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் வரைபடத்தில் சிவப்பு மையில் போட்ட கோடுகளே தெரியாமல் போயின. அதனால் பிற்பாடு மங்கலான வெள்ளைக்கு மாறினார்கள். தவிர, ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். என் பரிந்துரை மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை. பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று போட்டிருக்கும். பழைய இழை பல்பின் நிறத்துக்கு நெருக்கமானது அது. எந்த அடையாள விளக்கையும் மறைக்காது.

முதலில், எல்இடியே வேண்டுமா என்று பாருங்கள். மீட்டர் மங்கலாக இருக்கிறது என்று வருகிற பல வண்டிகளில் பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருக்கும். இழையிலிருந்து ஆவியாகிற டங்ஸ்டன் அங்கே படிவதால் வருவது அது. அதே வாட்டில் புது பல்பு போட்டு, ஹோல்டரின் தொடுமுனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே வெளிச்சம் திரும்பிவிடும். பெரிய வாட் பல்பை மட்டும் போடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அதற்கும் முன்னால், லைட் சுவிட்சின் பக்கத்திலோ ஸ்டீயரிங்கை ஒட்டியோ ஒரு சிறு உருளும் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வைத்தது அது. சொந்த வண்டியில் அது இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகளாக ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். திரை வடிவ மீட்டர் கொண்ட புதுக் கார்களில் அந்தச் சக்கரமோ மெனுவில் உள்ள அளவோ மட்டும்தான் நம் வேலை. அவற்றைப் பிரிக்கவே கூடாது.

எல்இடிதான் வேண்டும் என்றால், வேலை இப்படி. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றிய பிறகு வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் பொறுத்திருங்கள். பேட்டரி கழன்ற பின்னும் ஏர்பேக்கின் சர்க்யூட்டில் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் நிற கனெக்டர் எதையும் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கி, மேலே துணி விரித்துக்கொண்டு, மீட்டரைச் சுற்றியுள்ள மூடியையும் மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் பின்புறம் ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்டியிருக்கும். அதை முதலில் விடுவிக்காமல் இழுத்தால் கேபிள் முனை போய்விடும். எது எங்கே இருந்தது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் பின்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும் சர்க்யூட் இருக்கும். கிழிந்தால் ஒட்டவைப்பது பெரும்பாடு, அதனால் கையால் அழுத்த வேண்டாம். ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் வெளியே வந்துவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அடி தட்டையான சிறு கண்ணாடி பல்பு, சின்னது 1.2 வாட், பெரியது 5 வாட். எல்இடியில் பிளஸ், மைனஸ் உண்டு. மாட்டியும் எரியவில்லை என்றால் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். பிடுங்கித் திருப்பி மாட்டுங்கள். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும், எல்இடி ஒரே பக்கம்தான். அதனால் மீட்டரில் அங்கங்கே வெள்ளைத் திட்டும் மற்ற இடத்தில் இருட்டும் விழும். பக்கவாட்டிலும் ஒளி வீசுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது எல்இடியின் முனையை நைஸான உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். பல மீட்டர்களில் பல்பின் மேல் பச்சை அல்லது நீல ரப்பர் உறை மாட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் எல்இடி வாங்கினால் நீங்கள் நினைத்த நிறம் வராது.

சால்டரிங் தெரிந்தவர்கள் தனி எல்இடியும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் (மின்தடை) வைத்துத் தாங்களே செய்துகொள்ளலாம். எனக்குப் பிடித்த முறையும் அதுதான், ஏனென்றால் வெளிச்சத்தின் அளவு நம் கையில் இருக்கும். 12 வோல்ட் வண்டி என்று சொன்னாலும் எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட்வரை போகும். கணக்கை அதை வைத்தே போட வேண்டும். வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 11.4. வழக்கமாகச் சொல்லும் 20 மில்லி ஆம்பியருக்கு 570 ஓம் வரும், எனவே கடையில் கிடைக்கும் 560 ஓமைப் போடுகிறார்கள். நான் 2,200 ஓமிலிருந்து தொடங்குவேன். 5 மில்லி ஆம்பியர்தான் ஓடும். இரவில் உட்கார்ந்து பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் 1,000 ஓமுக்கு இறங்குவேன். நல்ல எல்இடிக்கு இதுவே அதிகம்.

எல்இடி போட்டபின் அந்த உருளும் சக்கரம் வேலை செய்யவில்லை என்று பலர் கேட்கிறார்கள். பழைய வண்டிகளில் அது பல்புகளோடு தொடர்வரிசையில் உள்ள ஒரு ரியோஸ்டாட், அதாவது கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை. 5 வாட் பல்பு ஒன்றே 0.4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஓட்டத்துக்குத்தான் அந்த ரியோஸ்டாட்டில் வோல்ட் இறங்கும். எல்இடி இழுக்கும் சில மில்லி ஆம்பியருக்கு ஏறக்குறைய எதுவும் இறங்காது. ஒன்றிரண்டு இழை பல்புகளை அப்படியே விட்டுவைத்தால் சக்கரம் ஓரளவு வேலை செய்யும். கரண்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கிற மின்னணு வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது விடுபட்ட எச்சரிக்கைகள். ஒன்று, பேட்டரி படம் போட்ட சார்ஜிங் விளக்கின் பல்பை மாற்றவே கூடாது. அது வெறும் அடையாள விளக்கு அல்ல. பல வண்டிகளில், எஞ்சினோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்க, அதன் சுருளுக்கு முதலில் கொஞ்சம் மின்சாரம் வெளியிலிருந்து போக வேண்டும். அடிகுழாயில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதுபோல. அந்த மின்சாரம் போவது இந்தச் சின்ன பல்பு வழியாகத்தான். எல்இடி விடுகிற சில மில்லி ஆம்பியர் அதற்குப் போதாது. எஞ்சினை நன்றாக முடுக்கும்வரை சார்ஜ் ஏறாது, சில வண்டிகளில் ஏறவே ஏறாது. “ஆல்டர்னேட்டர் போய்டுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க” என்று கவலையோடு வந்த ஓர் இளைஞரின் வண்டியில், ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருந்தது. மீட்டர் பல்புகளை மாற்றும்போது அவர் சார்ஜிங் விளக்குக்கும் எல்இடி போட்டிருந்தார். பழைய பல்பைப் போட்டதும் சார்ஜ் ஏறிவிட்டது. ஒரு பல்புக்காக ஓர் ஆல்டர்னேட்டரையே வாங்கியிருப்பார்.

இரண்டு, ஏர்பேக் விளக்கையும் மற்ற எச்சரிக்கை விளக்குகளையும் தொடாதீர்கள். மீட்டரின் பின்னணி வெளிச்சத்துக்கான பல்புகளோடு நம் வேலை முடிந்தது. இண்டிகேட்டருக்கு மீட்டரில் ஒரே ஒரு விளக்கு உள்ள வண்டிகளில், இடதுக்கும் வலதுக்கும் அந்த பல்பு வழியாக மின்சாரம் எதிரெதிர்த் திசையில் போகும். எல்இடி போட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே மின்னும்.

முள்ளைக் கழற்றி ஒளிரும் முள் மாட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். முள் திரும்ப மாட்டும்போது இம்மி விலகினாலும் வேகம் தவறாகக் காட்டும். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் வாகன விதி எண் 39. நம் கையால் மாட்டுகிற முள்ளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

சாவியைத் திருப்பினாலே மீட்டர் எரியும்படி வயரை மாற்றிக் கொடுக்கச் சொல்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. பழைய வண்டியில் பார்க் லைட் போட்டால்தான் மீட்டர் எரியும். பொழுது சாயும்போது மீட்டர் இருட்டாக இருப்பதுதான், ‘லைட்டைப் போடு’ என்று நமக்குச் சொல்கிறது. மீட்டர் எப்போதும் ஒளிர்ந்தால், பின்விளக்கு எரியாமலே இருட்டில் போய்க்கொண்டிருப்போம். பின்னால் வருபவருக்கு நம் வண்டியே தெரியாது. கனடாவில் இதற்காகவே விதி வைத்திருக்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் புது வாகனங்களில் ஓடும்போதெல்லாம் பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் விளக்குகள் தானாக எரிய வேண்டும், அல்லது விளக்குப் போடும்வரை ஓட்டுநர் முன்னால் உள்ள மீட்டர் இருட்டாகவே இருக்க வேண்டும்.

மீட்டரைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் போனை முழு வெளிச்சத்தில் வெள்ளை வரைபடத்தோடு மாட்டி வைத்தால் எல்லாம் வீண். இரவு வரைபடத்துக்கு அதையும் மாற்றிவிடுங்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. புகை மூடிய எண்ணை உற்றுப் பார்க்கக் கூடுதலாக ஒரு நொடி எடுத்தால், அந்த 22 மீட்டரும் சாலையைப் பார்க்காமலே போகிறோம். அந்தப் பெரியவருக்கு மஞ்சள் சாயல் எல்இடியைக் குறைந்த அளவில் போட்டுக் கொடுத்தேன். மகனும் கூடவே வந்து இருட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தங்கள் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து வேலையைத் தொடங்கியிருப்பவர்கள் பலர் இருப்பார்கள். எனவே கடிதம் முழுவதற்கும் இடமில்லாவிட்டாலும், சார்ஜிங் விளக்கைப் பற்றியும் ஏர்பேக்கைப் பற்றியும் சொன்ன பகுதியையாவது அடுத்த வாரமே அதே வாகனப் பக்கத்தில், முன்பு குறிப்பு வந்த அதே இடத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு வாசகர்